இதய அறுவைக்குப் பின் இரத்தப் பரிசோதனை எண்கள்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், பைபாஸ் அறுவைக்குப் பின் அப்பாவின் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் புரதம்) இயல்பு அளவின் மேல்வரம்பைப் போல் 60 மடங்கு இருக்கிறது. மாரடைப்பு வந்துவிட்டதா?

பதில்: இரத்தம் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் ட்ரோபோனின் எண்ணை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். அறுவையின்போது இதயம் கையாளப்படுகிறது, பெரும்பாலும் சிறிது நேரம் துடிப்பும் நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதால், எந்தச் சிக்கலும் இல்லாதவருக்கும் ட்ரோபோனின் உயரவே செய்யும். 13,862 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான விஷன் ஆய்வில், பைபாஸ் அல்லது பெருந்தமனி வால்வு மாற்று அறுவை மட்டும் செய்துகொண்டவர்களிடம், முதல் நாளுக்குள் 218 மடங்கை எட்டிய பிறகே 30 நாள் இறப்பு அபாயம் கூடியது தெரிந்தது. ஏனைய இதய அறுவைகளில் அந்த எல்லை 499 மடங்கு. இரண்டாம், மூன்றாம் நாள்களுக்கான எல்லை இவற்றைவிட மிகவும் தாழ்ந்தது. ஆகவே முதல் நாளில் கவலை தராத 60 மடங்கு, மூன்றாம் நாளிலும் இறங்காமல் நின்றால் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியதாகிறது.

கேள்வி: மாரடைப்புக்கான பன்னாட்டு வரையறை 10 மடங்கு என்றல்லவா சொல்கிறது?

பதில்: 10 மடங்கு மட்டும் போதும் என்று அது சொல்லவில்லை. ஈசிஜியில் தசைச் சேதத்தைக் காட்டும் புதிய க்யூ அலையோ, ஆஞ்சியோவில் புதிய அடைப்போ, ஸ்கேனில் தசை இழப்போ உடன் இருக்க வேண்டும்.

கேள்வி (மேற்கண்டவரே): அப்படியானால் 218 வரும்வரை காத்திருந்து, 100 மடங்கில் அடைத்துக்கொண்ட ஒட்டுக்குழாயை (பைபாஸில் பொருத்திய மாற்று இரத்தக்குழாயை) தவறவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. உங்கள் மறுப்பு நியாயமானது. இரண்டு வேறு கேள்விகள் இங்கே கலந்துவிடுகின்றன. விஷன் ஆய்வு தேடியது இறப்பு அபாயத்தின் எல்லையை. ஒட்டுக்குழாய் திறந்திருக்கிறதா என்பதை அது தேடவில்லை. ஈசிஜி மாறினாலோ, இரத்த அழுத்தம் காரணமின்றிச் சரிந்தாலோ, எந்த எண்ணுக்காகவும் காத்திராமல் உடனே காரணத்தைத் தேட வேண்டும். ஒரு பெருந்தொகையினரின் சராசரி அபாயத்தைச் சொல்லும் எல்லையைத் தனி ஒருவரின் நோயறிதலாக மாற்றுவதுதான் நான் அஞ்சும் பிழை.

கேள்வி: மறுநாள் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) குறைந்திருக்கிறது. சிறுநீரகம் தப்பித்துவிட்டதா?

பதில்: இப்போதே சொல்ல முடியாது. இதய நுரையீரல் இயந்திரத்தில் சேரும் திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்வதால் கிரியாட்டினின் முதலில் தாழ்ந்து தெரியலாம். பாதிப்பு ஏற்பட்டிருந்தாலும் அது உயர ஒன்றிரண்டு நாள்கள் ஆகலாம். அறுவைக்கு முந்தைய அளவைவிட 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலே பாதிப்பு எனக் கொள்வது வழக்கம். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் என்ஜிஏஎல் என்ற புரதம் சில மணி நேரத்திலேயே உயரும் என்றாலும், இயந்திரம் தூண்டும் அழற்சியாலும் அது உயரும் என்பதால் அதை மட்டும் நம்பமாட்டேன்.

கேள்வி: சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) மிக அதிகம். தொற்றா?

பதில்: இரண்டாம், மூன்றாம் நாள்களில் எல்லோருக்கும் அதிகம்தான். அதற்குப் பிறகும் ஏறினால் காரணம் தேடுவார்கள்.

கேள்வி: ட்ரோபோனின் 90 மடங்கு. பயப்படலாமா?

பதில்: எந்த நாள், எந்த அறுவை? முதல் பதிலைப் படித்துவிட்டு இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

பதில்: உங்கள் அறுவை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டியது இது. அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அறுவைக்கு முன்பே அபாயத்தைக் காட்டும் பரிசோதனை உண்டா?

பதில்: இரத்தத்தில் அளக்கப்படும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற புரதம் ஓரளவு காட்டும். இதயச் சுவர் இழுபடும் அழுத்தத்தில் சுரப்பதால், முன்பே அதிகமாக இருப்பவர்களுக்குப் பின்விளைவுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆனால் முதுமையும் சிறுநீரகக் குறையும் அதை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும்; ஆதலால் வயது, சிறுநீரகச் செயல்பாடு, இதயத்தின் இறைப்புத் திறன் ஆகியவற்றைக் கணக்கிடும் யூரோஸ்கோர் 2 போன்ற மதிப்பீட்டோடு சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.