முதல் கூட்டத்தில் பேசியே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. மூன்று முறை குடியை நிறுத்தினேன். மூன்று முறையும் மறுபடி தொடங்கிவிட்டேன். இப்போது நான்கு வாரங்களாகக் குடிக்கவில்லை. குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குப் போய்வருமாறு மருத்துவர் சொல்கிறார். இரண்டு முறை கூட்டம் நடக்கும் இடத்தின் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே தெரிந்தவர் யாரேனும் இருந்தால், எழுந்து நின்று என் கதையைச் சொல்லச் சொன்னால் என்ன செய்வது என்ற அச்சம்தான் காரணம். எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. நான் அங்கே போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். இடத்தையும் நேரத்தையும் விசாரித்து, வீட்டிலிருந்து கிளம்பி, இரண்டு முறை வாசல் வரை சென்றிருக்கிறீர்கள். மிச்சமிருப்பது அந்த வாசலுக்கும் உள்ளே இருக்கும் ஒரு நாற்காலிக்கும் இடையிலான தூரம் மட்டுமே.

பேச வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. உங்கள் முறை வரும்போது, “இன்று கேட்க மட்டுமே வந்தேன்” என்று சொன்னால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதோ, அறிவுரை சொல்வதோ வழக்கமில்லை. சேருவதற்கு விண்ணப்பமோ கட்டணமோ கிடையாது. உறுப்பினர்கள் தாமாகத் தரும் தொகையில்தான் செலவுகள் நடக்கின்றன, புதிதாக வருபவர் எதுவும் தர வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்கான தகுதி. ஆகவே மூன்று முறை தவறியது உங்களை எவ்விதத்திலும் தகுதியற்றவராக்காது. இனி ஒருமுறை தவறினாலும் மறுநாளே அதே கூட்டத்துக்குத் திரும்பிப் போகலாம்.

தெரிந்தவர் இருந்தால் என்ன என்கிறீர்கள். அவரும் பெரும்பாலும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லாதிருப்பது இந்த அமைப்பின் உயிரான மரபு. ஆனாலும் அது மனிதர்கள் மனமொப்பிக் காக்கும் மரபே தவிர, மருத்துவரோ வழக்கறிஞரோ தரும் தொழில்முறை உறுதி அல்ல. எனவே வேலைக்கோ குடும்பத்துக்கோ தீங்கு தரக்கூடிய விவரங்களைக் கூட்டத்தில் சொல்லாமல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் தனியாகச் சொல்வதே நல்லது. அதற்காகவே ஸ்பான்சர் என்ற ஏற்பாடு இருக்கிறது. நெடுநாள் குடிக்காமல் இருந்துவரும் மூத்த உறுப்பினர் ஒருவர், குடிக்கத் தோன்றும் நேரத்தில் நீங்கள் தொலைபேசியில் அழைக்கக்கூடிய துணையாக இருப்பார். அவரை முதல் நாளே தேர்ந்தெடுக்க வேண்டிய அவசரம் இல்லை.

மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற தயக்கமும் உங்கள் கடிதத்தில் இழையோடுவதாக எனக்குப் படுகிறது. இந்த இயக்கம் பிறந்த கதையே அதற்குப் பதில். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குத் தொழில் நிமித்தமாகச் சென்றிருந்த பில் வில்சன், போன காரியம் கைகூடாமல், மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சி, தம்மைப் போலவே குடிநோயால் வாடும் ஒருவரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடம் மட்டும் என்று ஒப்புக்கொண்ட அந்தச் சந்திப்பு பல மணி நேரம் நீண்டது. புதியவர் ஒருவரிடம் பேசுவதே தம்மைக் குடியிலிருந்து காக்கிறது என்பதை வில்சன் கண்டுகொண்டார். இன்றும் பழைய உறுப்பினர்களுக்குப் புதியவர்கள் தேவைப்படுகிறார்கள். உங்களுக்காக அவர்கள் ஒதுக்கும் நேரம் அவர்களுக்கும் மருந்துதான்.

குடியிலிருந்து மீள இந்த அமைப்பு வகுத்துள்ள 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. ஆனால் அவரவர் புரிந்துகொண்ட வகையில் என்றே அங்கு சொல்லப்படுகிறது. அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய ஆற்றலாகக் கொள்ளும் நம்பிக்கையற்றவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒட்டவில்லையெனில், 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளைக் கொண்டே கூட்டங்களை நடத்துகிறது. ஆனால் ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு முடிவெடுக்காதீர்கள். குழுவுக்குக் குழு இயல்பு மாறும். ஐந்தாறு கூட்டங்களாவது, வெவ்வேறு இடங்களில் பாருங்கள். அமைப்பின் இணையதளத்திலும் தொலைபேசி உதவி எண்களிலும் கூட்ட விவரங்களைப் பெறலாம். நேரில் செல்ல மனம் துணியாத நாளில் இணையவழிக் கூட்டத்தில் முகம் காட்டாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.

கேள்வி: என் கணவர் தினமும் காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிடுகிறார். கூட்டத்துக்கு வர மறுக்கிறார். நாளையே அடியோடு நிறுத்தும்படி வற்புறுத்தலாமா? அவருக்குப் பதிலாக நான் போய்ப் பார்க்கலாமா?

பதில்: சகோதரி, மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். காலையிலேயே குடிக்கும் அளவுக்கு உடல் பழகிப்போனவர் சட்டென நிறுத்தினால் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும், உயிருக்கே ஆபத்தும் நேரலாம். அந்தக் கட்டத்துக்கு மருத்துவரும் மருந்தும் தேவை. கூட்டம் அதற்கு மாற்றாகாது.

நீங்கள் போய்ப் பார்க்கலாம். குடிநோயாளிகளுக்கு மட்டுமேயானவை மூடிய கூட்டங்கள். திறந்த கூட்டங்களில் யாரும் வந்து கேட்கலாம். எது எவ்வகை என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அதைவிட உங்களுக்கென்றே உள்ளது, வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-இல் உருவாக்கிய அல்-அனான். கணவர் குடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டாலும் குடும்பத்தினர் அதில் சேரலாம். வளரிளம் பருவப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு அலட்டீன் குழுக்கள் உண்டு. நீங்கள் அங்கே போவதைக் கணவரிடம் மறைக்க வேண்டாம். அவரை வரவழைக்கும் தூண்டிலாகவும் அதை ஆக்க வேண்டாம். இத்தனை நாள் தனியாகத் தூக்கிய பாரத்தை இறக்கிவைப்பதற்காகவே போய் வாருங்கள்.