விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாகப் போடுவது: கேள்வி பதில்

நீலவானம்: சார், லேப்டாப்பை பார்மட் பண்ணி விண்டோஸ் 11 போடப்போறேன். முக்கியமான ஃபைல் எல்லாம் டி டிரைவுக்கு மாத்திட்டேன். போதுமா?

பதில்: அந்த டி டிரைவ் தனி டிஸ்க்கா, இல்லை ஒரே டிஸ்க்கைப் பிரித்ததா? பிரித்தது என்றால் போதாது. பார்ட்டிஷன் திரையில் ஒரு கிளிக் தவறினால் அதுவும் போய்விடும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, நாலைந்து ஃபைலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் (மெயில்கள் சேமிக்கப்படும் ஃபைல்) இரண்டையும்தான் பலர் மறக்கிறார்கள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அழிக்கிற டிரைவுக்கு அது வேண்டாம், அழிக்காமல் விடுகிற டிரைவைத் திறக்க வேண்டும்.

கடைசிபெஞ்ச்: விண்டோஸ் ஐஎஸ்ஓ-வை (இன்ஸ்டால் பண்ற மொத்தமும் அடங்கின ஒரே ஃபைல்) பிரிச்சு பென்டிரைவ்ல காப்பி பண்ணினா ஒரு ஃபைல் மட்டும் ஏற மாட்டேங்குது. பென்டிரைவ் 32 ஜிபி, இடம் நிறைய இருக்கு.

பதில்: இடம் பிரச்சினை இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 பார்மட்டில் இருக்கும். அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால் டபிள்யூஐஎம் அதைத் தாண்டிவிடுகிறது. கையால் காப்பி பண்ணுவதை விடுங்கள். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் போதும், 8 ஜிபி பென்டிரைவே தாங்கும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் புதிய முறை), யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் துவக்கும் புதிய முறை) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். எதில் செய்தாலும் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழியும்.

தென்றல்: எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியலே காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி செத்துவிட்டதா?

பதில்: பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் அமைப்புத் திரை) எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் உயிரோடுதான் இருக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டிக்கு முன்னால் நிற்கும். செட்டப்பிடம் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணுக்கே படாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். செட்டப்பில் ‘லோட் டிரைவர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள்ளே ஐஎன்எஃப் ஃபைல் (டிரைவரை எப்படிப் போடுவது என்று செட்டப்புக்குச் சொல்வது) இருக்க வேண்டும். இஎக்ஸ்இ-யை அப்படியே போட்டுவிட்டு ‘எடுக்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

மழைக்காலம்: டிஸ்க் 0, டிஸ்க் 1, அதற்குள் 100 எம்பி, 16 எம்பி என்று துண்டு துண்டாகக் காட்டுகிறது. எதை அழிக்க வேண்டும்? ‘எம்பிஆர்’ என்று ஒரு எச்சரிக்கை வேறு.

பதில்: இந்தத் திரையில் மட்டும் அவசரமே வேண்டாம். எண்ணை நம்பாமல் கொள்ளளவைப் பாருங்கள். டிஸ்க் 0 என்பது எப்போதும் உங்கள் எஸ்எஸ்டியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முடிந்தால் கம்ப்யூட்டரை அணைத்து மற்ற டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டே உட்காருங்கள். இல்லையென்றால் பூட் ஃபைல்கள் இன்னொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவதுண்டு. பிறகு அதைக் கழற்றும் நாளில் விண்டோஸ் எழும்பாது.

100 எம்பி பூட்டுக்கானது, 16 எம்பி விண்டோஸ் தனக்கு ஒதுக்கிக்கொண்டது. விண்டோஸ் போடும் டிஸ்க்கில் இருக்கும் எல்லாத் துண்டுகளையும் அழித்து ‘அன்அலொகேட்டட்’ என்று ஒரே வரியாக்குங்கள். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் தேவையான துண்டுகளைச் செட்டப்பே உருவாக்கும். எம்பிஆர் என்பது டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை, இங்கே ஜிபிடிதான் வேண்டும். அந்த எச்சரிக்கை அப்போதும் போகவில்லையா? ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி (சில லேப்டாப்பில் எஃப்என் சேர்த்து) வரும் கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் (டிஸ்க்கைக் கட்டளையால் கையாளும் கருவி) திறந்து, லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க்கோடு உங்கள் டிஸ்க்கின் எண், கிளீன் (டிஸ்க்கையே துடைத்துவிடும்), கன்வர்ட் ஜிபிடி என வரிசையாகக் கொடுங்கள். கிளீன் ‘நிச்சயமா?’ என்று கேட்காது. செலக்ட் செய்ததும் லிஸ்ட் டிஸ்க் மறுபடி கொடுத்து, நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்த பிறகே கிளீன்.

புதுவரவு: அண்ணா, கீ கேக்குது. லேப்டாப் வாங்கினப்போ எந்த கீயும் தரலையே?

பதில்: ‘ப்ராடக்ட் கீ இல்லை’ என்பதை அழுத்தித் தாண்டுங்கள். முன்பு ஹோம் என்றால் ஹோமே போடுங்கள். நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது, அதை மாற்றினால்தான் தொல்லை.

தென்றல்: டிரைவர் போட்டதும் டிஸ்க் வந்தது, நன்றி. இப்போது வைஃபை திரையில் நிற்கிறது, ஒரு நெட்வொர்க்கும் காட்டவில்லை.

பதில்: வைஃபை டிரைவர் இல்லை. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், லேன் கேபிள் போலவே எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் பிறகும் மஞ்சள் முக்கோணம் நிற்பவற்றுக்கு மட்டும் நிறுவனத் தளத்தில் டிரைவர் தேடினால் போதும். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வருவது எதையும் தொடாதீர்கள்.

கடைசிபெஞ்ச்: எல்லாம் காப்பி ஆகி ரீஸ்டார்ட் ஆச்சு, மறுபடியும் மொழி தேர்வுல வந்து நிக்குது. ரெண்டு தடவை ஆயிடுச்சு.

பதில்: பென்டிரைவிலிருந்தே திரும்பவும் பூட் ஆகிறது. அணைத்து, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள்.