சின்ன லேத்துக்கு விடியா அவசரமில்லை

வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் ஒரு சின்ன லேத்தும் (7க்கு 14 அங்குலம்) ஒரு மினி மில்லிங் மெஷினும் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆடும் சிலிண்டர் வகை நீராவி எஞ்சின் மாடல் ஒன்று செய்ய ஆசை. 11 டூல் கொண்ட விடியா (கார்பைடு நுனி) பெட்டி ஒன்றும், தங்க நிறப் பூச்சுள்ள 20 எண்ட் மில் (மில்லிங் கட்டர்) செட் ஒன்றும் வாங்கினேன். 25 மி.மீ. ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியில் ஃபேசிங் போட்டால் (முனையைத் தட்டையாகச் சீவினால்) மெஷின் அலறுகிறது. பரப்பு மீன் செதில் மாதிரி வருகிறது, நடுவில் ஒரு குமிழ் நிற்கிறது. 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது 6 மி.மீ. எண்ட் மில் மூன்று உடைந்துவிட்டன. 2000 ஆர்.பி.எம்.மில், டிரில் சக்கில் பிடித்து, மிகவும் மெதுவாகத்தான் நகர்த்தினேன். நல்ல கார்பைடு வாங்கினால் சரியாகிவிடுமா? அடுத்ததாகப் பித்தளையில் சிலிண்டர் கடைய வேண்டும். எதை வாங்குவது?

கே., கோவை

அன்புள்ள கே.,

கார்பைடு வாங்கினால் சரியாகாது. உங்கள் மெஷினுக்கு இப்போது வேண்டியது கூர்மை. கடினம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விடியா என்று நாம் பொதுப்பெயராகவே சொல்லிப் பழகிய சொல், 1920களில் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் தன் கார்பைடுக்கு வைத்த பெயர். ஜெர்மனில் 'வைரம் போல' என்று பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம். பெயருக்கேற்ற கடினம் உண்டு, கூடவே நொறுங்கும் குணமும் உண்டு. விளிம்பு நொறுங்காமல் இருக்க அதை மயிரிழை மழுக்கியே விற்கிறார்கள். மழுங்கிய விளிம்பு உலோகத்துக்குள் இறங்க வேண்டுமானால் பெரிய அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைப் பெரிய லேத் தாங்கும். உங்களுடையதில் டூல் பின்வாங்கும், திரும்பப் பாயும், மறுபடி பின்வாங்கும். நீங்கள் கேட்ட அலறல் அதுதான். போதாததற்கு, பெட்டியில் வரும் மலிவு விடியா டூல்கள் பெரும்பாலும் சரியாகச் சாணை பிடிக்கப்படாதவை. நுனிக்குக் கீழே போதிய சரிவு இருக்காது, வெட்டுவதற்குப் பதில் அடிவயிறு ஜாப்பில் (கடையப்படும் துண்டில்) உரசும்.

வேகத்தையும் பாருங்கள். 318ஐ வெட்டு வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். வேகம் நிமிடத்துக்கு மீட்டரில், விட்டம் மி.மீ.யில். ஈ.என்.8க்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் என்றால் 25 மீட்டர். ஆக, 25 மி.மீ. கம்பிக்கு 318 சுற்று. கார்பைடுக்குக் குறைந்தது 100 மீட்டராவது வேண்டும், அதே கம்பிக்கு ஏறக்குறைய 1270 சுற்று. 10 மி.மீ. கம்பி என்றால் 3180. சின்ன லேத்தில் அதற்கு வழியில்லை.

அதனால் மூன்று நூல் (3/8 அங்குலம்) சதுர எச்.எஸ்.எஸ். டூல் பிட் நான்கு வாங்குங்கள். பெஞ்ச் கிரைண்டரில் சாதாரண சாம்பல் நிற அலுமினியம் ஆக்சைடு கல் போதும். முதலில் பக்கவாட்டு முகம், கீழ்நோக்கி 10 டிகிரி உள்ளே சரிய வேண்டும். அடுத்து முன்முகம், அதற்கும் அதே 10. கடைசியாக மேல்முகம், வெட்டும் விளிம்பிலிருந்து பின்பக்கம் 12 டிகிரி சரிவு. மூன்றும் சேரும் மூக்கை எண்ணெய்க்கல்லில் நாலைந்து தேய் தேய்த்து 0.4 மி.மீ. உருட்டுங்கள். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து லேசாக இழுத்தால் நகத்தைச் சீவ வேண்டும். வழுக்கினால் இன்னும் கூர் வரவில்லை. சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்கலாம். கொஞ்சம் நீலம் பாய்ந்தாலும் பதற வேண்டாம். எச்.எஸ்.எஸ். 600 டிகிரி வரை கடினத்தை விடாது, நீலம் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். விடியா டூலை மட்டும் சூட்டோடு தண்ணீரில் விடாதீர்கள், விரிசல் விடும். அதற்குப் பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல் வேண்டும், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்த வேலையே உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

நடுவில் நிற்கும் குமிழுக்குக் காரணம் டூலின் உயரம். நுனி மையத்தில் இல்லை. ஆறு அங்குல எஃகு ஸ்கேலை ஜாப்புக்கும் டூல் நுனிக்கும் நடுவில் செங்குத்தாக வைத்து, கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதியை) மெல்லத் தள்ளி லேசாகக் கவ்வச் செய்யுங்கள். ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மேலே. நேராக நிற்கும் வரை டூலுக்கு அடியில் தகட்டு பேக்கிங் வைத்துச் சரிசெய்யுங்கள். டூல் போஸ்ட்டுக்கு வெளியே பிட் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். நீட்டம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. 30 மி.மீ. நீட்டியிருந்தால் 15 ஆக்குங்கள், பாதி அலறல் அங்கேயே அடங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இன்செர்ட் (கழற்றி மாற்றக்கூடிய கார்பைடு நுனி) டூல் ஒன்று வேண்டும் என்றால் சி.சி.எம்.டி. 060204க்கு ஏற்ற பிடி வாங்குங்கள். பெயரின் கடைசி 04 மூக்கு ஆரம், அதாவது 0.4 மி.மீ. கடைக்காரர் 08 கொடுத்தால் வாங்காதீர்கள். மூக்கு ஆரத்தைவிடக் குறைவான ஆழத்தில் வெட்டினால் டூல் ஜாப்பைத் தள்ளத்தான் செய்யும், சின்ன லேத்தில் அது அதிர்வாக வரும். அந்தப் பிடியிலேயே சி.சி.ஜி.டி. வகை இன்செர்ட்டும் உட்காரும். விளிம்பு கூராகத் தீட்டப்பட்ட இது அலுமினியத்துக்கென்று விற்கப்படுவது, ஆனால் சின்ன மெஷினில் எஃகிலும் மென்மையாக வெட்டும், ஆயுள்தான் குறைவு. சி.என்.எம்.ஜி. மாதிரி இரண்டு பக்கமும் பயன்படும் இன்செர்ட்டுகள் மலிவாகத் தெரியும். அவை பெரிய மோட்டாருக்கானவை.

இனி உடைந்த மூன்று எண்ட் மில். 6 மி.மீ. கட்டர் 2000 சுற்றில் ஓடினால் வெட்டு வேகம் ஏறத்தாழ 38 மீட்டர். 304க்கு எச்.எஸ்.எஸ்.ஸில் 15 மீட்டர்தான், 800 சுற்று. இரண்டாவது தவறு, நீங்கள் ஜாக்கிரதை என்று நினைத்துச் செய்த அந்த மெதுவான நகர்த்தல். நிமிடத்துக்கு 40 மி.மீ. நகர்த்தினீர்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கு பல் கட்டரில் ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.005 மி.மீ. அது வெட்டு ஆகாது, வெறும் உரசல். உரச உரச 304 இறுகும். அடுத்த பல் அந்த இறுகிய தோலில் மோதி மழுங்கும், மழுங்கியது இன்னும் உரசும், கடைசியில் ஒடியும். பல்லுக்கு 0.02 மி.மீ. கொடுங்கள். 800 சுற்றில் நான்கு பல்லுக்கு நிமிடத்துக்கு 64 மி.மீ. உங்கள் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. என்றால் இரண்டு நொடிக்கு ஒரு சுற்று. ஆழம் 0.5 மி.மீ.யிலிருந்து தொடங்குங்கள், கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே இருங்கள். காடியின் நடுவில் நின்று யோசிக்காதீர்கள். நிறுத்த வேண்டுமானால் கட்டரை மேலே தூக்கிவிட்டு நிறுத்துங்கள்.

மூன்றாவது தவறு டிரில் சக். அது நேர்கீழான அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. பக்கவாட்டு விசையில் அதன் டேப்பர் (கூம்பு வடிவப் பிடிப்பு) கழன்று விழலாம், சுற்றும்போதே. கழலாவிட்டாலும் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தால் 0.02 வெட்ட வேண்டிய நான்கு பற்களில் ஒன்று மட்டுமே எல்லா வேலையையும் செய்யும். ஸ்பிண்டில் எம்.டி.3யா ஆர்.8ஆ (இரண்டும் டேப்பர் வகைகள்) என்று பார்த்து, டிராபாரில் (மேலிருந்து இழுத்து இறுக்கும் நீண்ட போல்ட்டில்) இறுகும் கொலட் (கட்டரைச் சுற்றிக் கவ்வும் குழல்) வாங்குங்கள். 6, 10, 12 மூன்று அளவு போதும். காசு முதலில் இதற்குத்தான் போக வேண்டும், கட்டர் அப்புறம்.

கட்டர் என்று வரும்போது 20 துண்டு செட் வீண். ஆடிசன், டோட்டம் மாதிரிப் பெயர் தெரிந்த எச்.எஸ்.எஸ்.ஸில் தனித்தனியாக எடுங்கள். எஃகின் ஓரம் சீவ நான்கு பல் 6ம் 10ம், அவை 5 சதவீதமோ 8 சதவீதமோ கோபால்ட் கலந்தவையாக இருந்தால் 304க்கு நல்லது. காடிக்கு இரண்டு பல்லில் 5ம் 6ம். சரியாக 6 மி.மீ. காடி வேண்டும் என்றால் 5ஆல் நடுவில் எடுத்துவிட்டு இரு ஓரங்களையும் தனித்தனியே சீவுங்கள். 6ஐ நேராக ஓட்டினால் கட்டர் ஒரு பக்கம் வளைந்து காடி அகன்றுவிடும். அலுமினியத்துக்குப் பூச்சே இல்லாத இரண்டு அல்லது மூன்று பல் ஒன்று. பெயரில் அலுமினியம் வரும் கருநீலப் பூச்சுகள், டி.ஐ.ஏ.எல்.என். வகை, அலுமினியத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் சீவல் பல்லில் அப்பாது, பக்கத்தில் நெருப்பு மட்டும் இருக்கக் கூடாது. எதை வெட்டினாலும் கட்டரின் சுழற்சிக்கு எதிராகவே மேசையை ஓட்டுங்கள். அதே திசையில் ஓட்டினால் திருகின் பேக்லாஷ் (தளர்வு) அளவுக்கு மேசையைக் கட்டர் தானே இழுத்துக்கொள்ளும், 6 மி.மீ. கட்டருக்கு அந்த ஒரு இழுப்பு போதும்.

பித்தளை சிலிண்டருக்கு மேலே சொன்ன டூல் ஆகாது. மேல்முகச் சரிவு உள்ள டூலைப் பித்தளை தானே உள்ளே இழுக்கும். இன்னொரு பிட்டில் மேல்முகத்தைத் தட்டையாகவே, பூஜ்ய டிகிரியில் விட்டுவிட்டு, பக்கத்தையும் முன்முகத்தையும் மட்டும் தீட்டுங்கள். எண்ணெய் வேண்டாம். துளை 10 மி.மீ. என்றால் 9.8 டிரில், பிறகு 10 ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் டூல்), டிரில் ஓடிய வேகத்தில் பாதிக்கும் கீழே. ரீமரை எக்காரணம் கொண்டும் பின்பக்கம் சுற்றாதீர்கள், வெளியே எடுக்கும்போதும் முன்பக்கமாகவே சுற்றி இழுங்கள். டிரில்லும் பித்தளையில் திருகாணி மாதிரி உள்ளே பாயும். அதன் இரண்டு வெட்டு விளிம்பிலும், டிரில்லின் நீளவாக்கிலேயே சின்ன எண்ணெய்க்கல்லைப் பிடித்து, அரை மி.மீ. அகலத்துக்குத் தட்டைப் பட்டை எடுத்துவிடுங்கள். அந்த டிரில்லுக்குப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுத் தனி டப்பாவில் வையுங்கள். மறந்து எஃகில் போட்டால் துளை இறங்காது, அழுத்தி அழுத்தி நுனியைத்தான் கருக்குவீர்கள்.