கொப்பியின் ஓரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சேர்,

மட்டக்களப்பு வாவியில் தோணி விட்டு மீன் பாடுவதைக் கேட்கிற என் கணினி விளையாட்டின் டெமோவை விளையாடிப் பார்த்து ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நன்றி. அதன் பிறகு புதுப் பதிப்பு ஒன்றை ஏற்றியிருக்கிறேன். தோணியின் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் அதை இறக்கியபோது விண்டோஸ் நீலப் பெட்டி காட்டிப் பயமுறுத்தியதாம், வைரஸோ என்று கேட்கிறார். பழைய டெமோவில் ஆட்டத்தைச் சேமித்து வைத்தவர்களுக்குப் புதியதில் அது திறக்கவே இல்லை. தமிழ் எழுத்துகளும் உடைகின்றன, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக. விளையாட்டைச் செய்ய நான் பாவிப்பது கோடோ 3 என்ற மென்பொருள். பழைய வேகமே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது. ஆனால் 'தோணி', 'தோணி புதுசு', 'தோணி கடைசி', 'தோணி கடைசி 2' என்று கிடக்கும் கோப்புறைகளைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் புது வேகம்தான் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். டெமோவை எடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஒரேயடியாக வெளியிடட்டுமா? யோசனையை யாரும் திருடிவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விலை எவ்வளவு வைக்கலாம்?

பெயர் போட வேண்டாம்.
களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

திருட்டுப் பயத்தை இன்றோடு விடு. 1993 டிசம்பரில் டூம் என்ற கணினி விளையாட்டு வந்தபோது அதன் முதல் பாகத்தை முழுசாக இலவசமாகவே கொடுத்தார்கள். அதை ஆடிப் பார்த்த சனம்தான் காசு கொடுத்து மிச்சத்தை வாங்கியது. உன் யோசனையை ஒருவன் எடுத்துக்கொண்டு போனாலும், பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மற்ற நுனியில் காதை வைத்துக் கேட்கிற அந்தப் பொறுமையை எங்கே போய் எடுப்பான்?

நீலப் பெட்டி வைரஸ் அல்ல. கையொப்பச் சான்றிதழ் இல்லாத, இன்னும் அதிகம் பேர் இறக்காத நிரல்களுக்கு விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் காட்டும் எச்சரிக்கை அது. சான்றிதழுக்குக் காசு கட்டும் நிலையில் நீ இல்லை, இப்போது தேவையும் இல்லை. பிரவுசரிலேயே ஓடும் பதிப்பு ஒன்றைச் செய்து, சிப் பண்ணி இட்ச்.ஐஓ என்ற விளையாட்டுத் தளத்தில் ஏற்று. நம் சனத்தில் பாதிப்பேரிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, அவர்களும் திறந்து பார்ப்பார்கள்.

எழுத்து உடைவது உன் பிழையல்ல. கோடோ 3க்குத் தமிழைக் கோர்த்து எழுதத் தெரியாது. 2023 மார்ச்சில் வந்த 4.0இலிருந்துதான் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன. போகிறதென்றால் 4.3க்கோ அதற்குப் பிந்தியதற்கோ போ, பிரவுசர் பதிப்புச் செய்வது அதில் சுலபம். ஆனால் 3இல் செய்ததை 4க்கு மாற்றிவிட்டால் திரும்பி வர வழியில்லை. மாற்றும் கருவியும் எல்லாவற்றையும் மாற்றித் தராது, கையால் திருத்த நிறைய மிஞ்சும். கீழே சொல்லப்போவதைச் செய்து முடிக்காமல் அந்தப் பக்கம் போகாதே.

சேமித்த ஆட்டம் திறக்காததற்கு மருந்து ஒரே வரி. சேமிக்கும் கோப்புக்குள்ளே பதிப்பு எண்ணையும் எழுது, திறக்கும்போது அதைப் பார்த்துப் பழையதைப் புதியதாக மாற்றிக்கொள். அதே எண்ணை முகப்புத் திரையின் மூலையிலும் போடு. யாராவது பிழை சொன்னால் எந்தப் பதிப்பில் என்று நீ கேட்க வேண்டியிராது.

இனி அந்தக் கோப்புறைகள். 'கடைசி 2' என்று படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தக் கடைசி? எதற்குப் பிறகு வந்த கடைசி? எதை மாற்றினாய், எதற்காக மாற்றினாய் என்று அந்தப் பெயரில் ஒரு சொல் உண்டா? தோணியின் வேகத்தை இருமடங்குக்கு மேல் கூட்டியிருக்கிறாய், யார் கேட்டு, என்ன நினைத்து என்று உன்னாலேயே இப்போது எழுதமுடியாமல் இருக்கிறது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கூட்டியிருக்கிறேன் என்று மட்டும்தான் இருக்கிறது.

என் பெரியப்பா வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். அவரவர் பாடம் எழுதின சட்டம் கொடுத்து, சதங்கை கட்டி, மாதக்கணக்காகப் பழக்கி, கடைசியில் அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்ப்பார்கள். ஊர் வந்து களரியைச் சுற்றி இருக்கும். வயதானவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவார்கள், இந்த இடம் இழுபடுது, அந்தப் பிள்ளைக்குக் குரல் காணாது என்று. நீ எடுத்துவிடட்டுமா என்று கேட்கிற டெமோவும் அப்படி ஒரு அடுக்குப் பார்த்தல்தான். அதை யாரும் ஒளித்து வைப்பதில்லை. அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது பெரியப்பாவின் கொப்பியைப் பற்றி.

கொப்பியின் நடுவில் கூத்து. ஓரத்தில் வேறு மையில் அவருடைய குறிப்புகள். ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, குறுக்கே கோடிழுத்து வெட்டியிருந்தால், ஏன் வெட்டினார் என்று பக்கத்திலேயே இருக்கும். 'இதற்குள் சனம் எழும்பித் தேத்தண்ணிக்குப் போகுது.' 'இவன் ஆடிக்கொண்டு இவ்வளவையும் பாடேலாது, மூச்சு வாங்குது.' எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய வயதில் நான் கூத்தை விட்டுவிட்டு அந்த ஓரங்களைத்தான் வாசிப்பேன். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை.

1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோனது. காலையில் பெட்டிக்குள் கொப்பிகள் கூழாகிக் கிடந்தன. மை முழுவதும் கரைந்திருந்தது. பெரியப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. ஊர் விடவில்லை. ஆடினவர்களிடம் அவரவர் பாடம் எழுதின தாள்கள் இருந்தன, தர்மருக்கு ஆடினவரிடம் தர்மரின் தருக்கள், வீமனுக்கு ஆடினவரிடம் வீமனுடையவை. வீடு வீடாகப் போய் எடுத்துத் தைத்து முழுக் கூத்தையும் திரும்ப உண்டாக்கினார்கள். அரங்கேற்றத்துக்கு நானும் போயிருந்தேன். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு கட்டத்தில் சனம் எழும்பி எழும்பிப் போனது. பெரியப்பா வெட்டின அதே தரு! ஆட்டக்காரரின் தாளில் அது வெட்டப்படாமல் இருந்திருக்கிறது. புதிய அண்ணாவியார் கெட்டிக்காரர், அவரில் குற்றமில்லை. பாட்டு அவர் கைக்கு வந்து சேர்ந்தது, அதை எடுத்ததற்கான காரணம் பெட்டியோடு கரைந்துவிட்டது.

இதனால்தான், செய்த மாற்றங்களையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பழகு என்று உன்னை அதட்டுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுதுகிறவர்கள் இலவசமாகப் பாவித்துவந்த பிட்கீப்பர் என்ற கருவி 2005இல் கைவிட்டுப் போனபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் எழுதத் தொடங்கியது கிட். அதில் பிரதி எடுக்கிற ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் போய்ச் சேரும். தர்மரிடம் தர்மருடையது மட்டும் என்று இல்லை. கமிட் என்று நீ பதிந்து வைக்கும் ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏன் மாறியது என்பதை நீதான் எழுத வேண்டும், அந்த வரியை வெறுமையாக விடாதே. 'மாற்றம்', 'திருத்தம்', 'சரி' என்று எழுதினால் நீ கொப்பியின் ஓரத்தைக் கிழித்து எறிகிறாய். 'தோணி வேகம் 60இலிருந்து 140. பாலத்தைச் சேர நேரமாகிறது என்று ஒருவர் சொன்னார். எனக்கு இன்னும் உடன்பாடில்லை' என்று எழுது. தமிழிலேயே எழுது, கிட் வாங்கிக்கொள்ளும். வெளியே விடும் ஒவ்வொரு டெமோவுக்கும் அந்த இடத்தில் ஒரு டேக், அதாவது பெயர்ச்சீட்டு, போடு, 0.1, 0.2 என்று. வேகத்தை மாற்றிப் பார்க்க ஆசை வந்தால் மற்றதைத் தொடாத தனிக் கிளையில், பிராஞ்சில், பார், பிடிக்காவிட்டால் அங்கேயே விடு.

பென்டிரைவில் இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே. அந்தப் பென்டிரைவ் லாப்டொப் பைக்குள்ளேதான் கிடக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகளே போயின, வீட்டுக்குள் வைத்த பிரதி எங்கே நிற்கும்? நம் பக்கத்தில் பிறந்த ஒருவன் தன் வேலையை ஒரே கூரைக்குக் கீழே வைத்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை, மனே. கிட் வேலைகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் தனியார் களஞ்சியம் இலவசம், யாரும் உள்ளே பார்க்க முடியாது. 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை மட்டும் அது ஏற்காது. வாவியில் நீ பதிவு செய்த நீண்ட ஒலிகள் அப்படிப் பெரிதாக இருந்தால் பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் வழியாக அனுப்பு. கோடோ தானாக உண்டாக்கும் இம்போர்ட் கோப்புறையையும், ஏற்றுமதி செய்த சிப்களையும் சேர்க்காதே.

வேகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். புதியதில் தோணி மோட்டார் சைக்கிள் போல ஓடுகிறது. பழையதில் துடுப்பை எடுத்த பிறகும் அது தன்பாட்டில் கொஞ்சத்தூரம் வழுக்கிப்போய் நிற்கும். அந்த வழுக்கலுக்குள்தான் மீன் பாடுவது முதலில் மெல்லக் கேட்கத் தொடங்குகிறது. அதை நீ தெரிந்து செய்தாயா, தற்செயலாக வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். யாருக்காகவும் அதைக் கைவிடாதே.

உன் முதல் டெமோவின் சிப் என் கணினியில் இன்னும் இருக்கிறது. இன்று மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கோடோ ஆர்இ டூல்ஸ் என்ற கருவியால் விளையாட்டைப் பொதி கட்டி வைத்திருக்கும் அதன் பிசிகே கோப்பைத் திறந்தால் காட்சிகளும் ஸ்கிரிப்டுகளும் பெரும்பாலும் திரும்ப வரும், பழைய வேகமும் வழுக்கலின் எண்ணும் அதற்குள் இருக்கும். ஸ்கிரிப்டில் நீ எழுதிவைத்த குறிப்புகள் வராது. ஏற்றுமதி செய்யும்போதே கோடோ 3 அவற்றைக் களைந்துவிடும். ஆகவே மீட்டு எடுத்த அன்றே, வேறு ஒன்றையும் தொடமுதல், அதை முதல் கமிட்டாகப் போட்டு, அந்த வழுக்கலை ஏன் வைத்தாய் என்று ஞாபகம் உள்ள மட்டும் எழுது. அடுத்த கமிட்டில் 'கடைசி 2'ஐ வை. பிறகு 4க்குப் போ.

விலையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். அதற்குள் ஒன்றைத் திருத்திவிடு. இரண்டு பதிப்பிலும் பாலத்தின் தூணுக்கும் கரைக்கும் இடையில் தோணியைப் பின்னால் எடுத்தால் அது தூணுக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்கிறது, ஆட்டத்தை மூடித்தான் வெளியே வர முடிகிறது.

அன்புடன்.