ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு 32,000 ரூபாயா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. ஜூன் முதல் பள்ளிக்கு அனுப்பாமல் நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்காக 22,000 ரூபாய் சம்பள வேலையை விட்டேன். கணவர் சம்பளம் 48,000. மாதச் செலவு 35,000. வங்கியில் 1,10,000 இருக்கிறது. சிங்கப்பூர் முறைக் கணக்குப் பாடத்தொகுப்பு ஒன்றை ஓராண்டுக்கு 32,000 ரூபாய் என்று, 9 மாத வட்டியில்லாத் தவணையில் தருகிறார்கள். மாதம் 2,500 ரூபாயில் ஆன்லைன் வகுப்பும் உண்டு. எதை எடுக்கலாம்? – வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம், சகோதரி. உங்கள் மகளின் கணக்குக்கு நீங்கள் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துவிட்டீர்கள். விட்டுவந்த சம்பளம் ஆண்டுக்கு 2,64,000 ரூபாய். அதற்கு மேல் இன்னொரு 32,000 சேரும்போது, வீட்டின் பாதுகாப்புப் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் முறை நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அந்த முதல் படிக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை. பல்லாங்குழியில் குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் 14 குழிக்கு எத்தனை என்று குழந்தையையே எண்ணவிடுங்கள். பத்துப் பத்துத் தீக்குச்சியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஒன்றுகள், பத்துகள் கண்ணுக்கே தெரியும். 43-லிருந்து 8-ஐக் கழிக்க ஒரு கட்டைப் பிரிக்கும் பிள்ளைக்குக் 'கடன் வாங்குவது' என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பாட வரிசைக்கு, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2023-ல் கொண்டுவந்த 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்' 1, 2-ஆம் வகுப்புப் புத்தகங்களை வாங்குங்கள். ஒன்று 65 ரூபாய், இரண்டும் 130. தமிழில் சொல்லித்தர, தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வயதைப் பார்த்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு புத்தகத்திலும் பத்துப் பக்கம் போட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறாளோ அங்கிருந்து தொடங்குங்கள். பெரிய தொகுப்பு வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் மூன்று மாதப் பாடம் குழந்தைக்குத் தெரிந்ததாகவே இருக்கும், ஆனால் பணம் முழு ஆண்டுக்கும் போயிருக்கும்.

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லை நம்ப வேண்டாம். வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. விற்பவர் அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள், உண்மை விலை தெரிந்துவிடும். ஆன்லைன் வகுப்பில் சொன்ன தொகைக்குள் ஜி.எஸ்.டி. அடக்கமா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் 2,500 என்பது 2,950 ஆகும், ஆண்டுக்கு 35,400. அச்சிட்ட புத்தகத்துக்கு அந்த வரி கிடையாது. வரிச்சலுகையும் எதிர்பார்க்காதீர்கள். பழைய வருமான வரிமுறையில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கிடைக்கும் கழிவு, பள்ளி கல்லூரிகளுக்குக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவாவது கையிருப்பு வேண்டும். உங்களுக்கு அது 2,10,000. இருப்பது அதில் பாதிதான். மாதம் மிஞ்சும் 13,000-ல் 10,000-ஐ ஒதுக்கினால் பத்து மாதத்தில் குறை தீரும். உங்கள் அலுவலகம் கொடுத்த மருத்துவக் காப்பீடு இருந்திருந்தால், வேலையோடு அதுவும் போயிருக்கும். குடும்பத்துக்கு ஒரு பாலிசியும், கணவர் பெயரில் டேர்ம் காப்பீடும் (அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். கணக்குப் புத்தகத்தைவிட இவை அவசரம்.

பணம் செலவழிக்க வேண்டிய காலம் பிறகு வரும். நான்கு, ஐந்தாம் வகுப்பில் பின்னம் வரும்போது பல பெற்றோர் திணறுகிறார்கள். அப்போது நல்ல ஆசிரியர் ஒருவருக்கு வாரம் இரண்டு மணி நேரத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது ஆக வேண்டும். இன்னும் எட்டு ஆண்டு இருக்கிறது.

ஆறு மாதம் கழித்தும் அந்தத் தொகுப்பு வேண்டும் என்றே தோன்றினால், மாதிரிப் பக்கங்களைக் கேட்டு வாங்கி மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் முதல் பருவப் புத்தகத்தை மட்டும், முழுத் தொகையும் கொடுத்து வாங்குங்கள்.