கொரோனா கால மருந்துகள்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சென்னையில் ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிலும் இருந்திருக்கிறேன்; மனிதர்கள் மேல் மருந்துச் சோதனை நடத்த அனுமதி கேட்டு வரும் கட்டுக் கட்டான தாள்களைப் படித்து ‘சரி’, ‘முடியாது’ என்று சொல்லும் வேலை. கொரோனா காலத்தில் கொடுத்த மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், நிறையவே வந்தன. ‘எனக்கு இப்போ என்ன மாத்திரை போடலாம்’ என்று கேட்டவர்களை மட்டும் அவரவர் டாக்டரிடமே அனுப்பிவிட்டேன்.

கீழ்ப்பாக்கம்: மேடம், 2021 மே மாசம் கே.எம்.சி. (கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி) வாசல்ல ராத்திரி முழுக்க நின்னு அப்பாவுக்கு ரெம்டெசிவிர் வாங்கினேன். மருந்து ஏறியும் அப்பா போயிட்டார். ரெண்டு நாள் முன்னாடியே வாங்கியிருந்தா பிழைச்சிருப்பாரான்னு இன்னும் தூக்கம் வரல.

அந்த ரெண்டு நாள் உங்கள் தலையில் ஏற வேண்டிய பாரமே இல்லை தம்பி. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ‘சாலிடாரிட்டி’ என்ற பெயரில் 30 நாடுகளில், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முதல் முடிவு 2020 அக்டோபரில் வந்தது. வைரஸைத் தடுக்கும் ஊசி மருந்தான ரெம்டெசிவிர் மரணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. 2022-ல் முழுக் கணக்கும் வெளியானது. ஆக்ஸிஜனில் இருந்து, வென்டிலேட்டர் வரை போகாதவர்களில் மருந்து ஏற்றப்பட்டவர்கள் 100-க்கு 14.6 பேர் இறந்தார்கள், ஏற்றப்படாதவர்கள் 16.3 பேர். நன்மை உண்டு, ஆனால் அவ்வளவுதான். ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவின் சோதனையில் குணமாகும் நாள் 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது. அதனால்தான் அந்த மருந்துக்கு அவ்வளவு பெயர் கிடைத்தது.

நீங்கள் வரிசையில் நின்றதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 நவம்பரில், மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. எனக்கு மருந்தின் மேல் கோபமில்லை. ஆதார் நகல், ஆர்.டி.பி.சி.ஆர். ரிசல்ட், சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ‘எங்கேயாவது வாங்கிட்டு வாங்க’ என்று வீட்டு ஆட்களைத் தெருவில் விட்டார்களே, அந்தச் சீட்டின் மேல்தான் கோபம். கீழ்ப்பாக்கத்தில் கூட்டம் தாங்காமல் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றி, கடைசியில் நேரே மருத்துவமனைகளுக்கே கொடுப்பது என்று அரசு முடிவெடுத்ததே, அது முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

பெரம்பூர்: அப்போ உண்மையிலேயே உயிரைக் காப்பாத்தின மருந்துன்னு எதையாவது சொல்ல முடியுமா டாக்டர்?

டெக்சாமெத்தசோன். ஆஸ்துமா, ஒவ்வாமை, மூட்டு வாதம் என்று பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் ஸ்டீராய்டு, எந்தத் தெருமுனை மருந்துக் கடையிலும் கிடைக்கும், விலை சொற்பம். 2020 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் ‘ரெக்கவரி’ மருந்துச் சோதனைக் குழு முடிவைச் சொன்னது. 2,104 பேருக்கு தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து வாங்காதவர்கள் 41.4 சதவீதம் இறந்தார்கள், வாங்கியவர்கள் 29.3 சதவீதம். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது.

மூன்றாவது வரியைத்தான் நம் ஊரில் யாரும் படிக்கவில்லை. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து வாங்கியவர்கள் 17.8 சதவீதமும் வாங்காதவர்கள் 14 சதவீதமும் இறந்தார்கள். தற்செயல் வித்தியாசமாக இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்லும். ஆனால் நன்மைக்கு அடையாளமே இல்லை. காரணம் எளிது. முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது, அதை அடக்க உடம்பின் எதிர்ப்பு சக்தி வேண்டும். இரண்டாம் வாரத்தில் சிலருக்கு அந்த எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி நுரையீரலைக் கெடுக்கிறது. அப்போதுதான் அதை அடக்க ஸ்டீராய்டு. முதல் நாளே கொடுத்தால் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை உள்ளே விட்ட கதை. அதே காரணத்தால் ரெம்டெசிவிர் மாதிரி வைரஸைத் தடுக்கும் மருந்துகள் முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பேசும். நம் ஊரில் இரண்டையும் தலைகீழாகச் செய்தோம்: காய்ச்சல் வந்த மறுநாளே ஸ்டீராய்டு, மூச்சுத் திணறி பத்தாம் நாள் ரெம்டெசிவிர்.

2021-ல் கருப்புப் பூஞ்சை அந்த அளவுக்கு வந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பு சக்தியை இறக்கும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில், குளுக்கோமீட்டர்கூட இல்லாத வீட்டுத் தனிமையில், வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு போட்டவர்கள் எத்தனையோ பேர்.

அண்ணா நகர்: மலேரியாவுக்குக் கொடுக்கற ஹைட்ராக்சிக்ளோரோகுயின் கொரோனாவுக்கும் நல்ல மருந்துதான், டிரம்ப் சொன்னதாலயே அரசியல் பண்ணி ஒழிச்சிட்டாங்கன்னு சொல்றாங்களே?

அரசியல் இருந்தது, இரண்டு பக்கமும். அந்த மருந்துக்கு எதிராக ‘லான்செட்’ இதழில் 2020 மே மாதம் வந்த கட்டுரையையே, அடிப்படைத் தரவைக் காட்ட முடியாமல் ஜூன் 4 அன்று வாபஸ் வாங்கினார்கள். வெட்கக்கேடு. ஆனால் மறுநாளே ‘ரெக்கவரி’ குழு பலனில்லை என்று தன் முடிவைச் சொன்னது. பின்னர் வந்த முழுக் கணக்கில் மருந்து வாங்கியவர்களில் 27 சதவீதம், வாங்காதவர்களில் 25 சதவீதம் மரணம். அமெரிக்கா அவசர அனுமதியை ஜூன் 15 அன்று ரத்து செய்தது. நம் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மார்ச் மாதமே மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை நீங்கப் பல மாதங்கள் ஆயின.

ஆய்வகத்தில் வேலை செய்தது உடம்பில் ஏன் செய்யவில்லை? ஆரம்பச் சோதனைகள் நடந்தது குரங்கின் சிறுநீரகச் செல்களில். அங்கே வைரஸ் உள்ளே போகும் வழியை இந்த மருந்து அடைத்துவிடும். மனித நுரையீரல் செல்லில் வைரஸுக்கு வேறொரு நொதியின் உதவியோடு இன்னொரு வழி இருக்கிறது. அதை இந்த மருந்து தொடுவதே இல்லை. சோதனைக் குழாயில் வைரஸைக் கொல்லும் பொருட்களைத் தேடினால் சோப்புத் தண்ணீரும் பட்டியலில் வரும்.

வேளச்சேரி: ஐவர்மெக்டின்?

புழுவுக்கு அருமையான மருந்து, கண்டுபிடித்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. கொரோனாவுக்குப் பலனில்லை என்று பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்த சோதனை 2022-ல் காட்டியது. ‘அற்புதம்’ என்று சொன்ன எகிப்து ஆய்வைத் தரவுச் சிக்கலால் 2021 ஜூலையிலேயே நீக்கிவிட்டார்கள்.

தாம்பரம்: கபசுரக் குடிநீரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம ஆங்கில மருந்தையே பேசறீங்களே அம்மா. எங்க வீட்ல எல்லாரும் அதைக் குடிச்சுத்தான் தேறினோம்.

நீங்கள் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் பக்கத்து ஆள், கேட்கத்தான் செய்வீர்கள்! நானும் குடித்தேன், மாமியார் டம்ளரை நீட்டினால் ஆதாரம் எங்கே என்று கேட்க முடியுமா? வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் சித்த மருத்துவ மையமே நடந்தது, அங்கிருந்து குணமாகிப் போனவர்களும் நிறைய. சிக்கல் இதுதான்: லேசான கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எதுவும் குடிக்காமலேயே தேறியிருப்பார்கள். குடிக்காத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணினால்தான் கஷாயத்தின் பங்கு தெரியும். சிறிய ஆய்வுகள் நடந்தன. மரணம் குறைந்ததா என்று சொல்லும் அளவுக்குப் பெரியவை அல்ல. இதையேதான் நான் ஃபாவிபிராவிர் என்ற வைரஸ் தடுப்பு மாத்திரைக்கும் சொல்வேன்.

கொளத்தூர்: ஃபாவிபிராவிர்னு சொன்னதும் ஞாபகம் வந்தது. முதல் நாள் பதினெட்டு மாத்திரைன்னு எழுதிக் கொடுத்தாங்க. அது சரியா?

கணக்கு சரி. காலை 1,800, இரவு 1,800 மில்லிகிராம். ஒரு மாத்திரை 200. அப்புறம் தினம் எட்டு. 2020 ஜூனில் அனுமதி கிடைத்தபோது மாத்திரை 103 ரூபாய், முதல் நாள் செலவை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தியச் சோதனையில் இருந்தவர்கள் 150 பேர். வைரஸ் எத்தனை நாளில் மறைகிறது என்ற முதன்மை அளவுகோலில், வித்தியாசம் தற்செயலல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவசர கால அனுமதி என்பது ‘பலன் நிரூபணமானது’ என்ற முத்திரை அல்ல. கையில் வேறொன்றும் இல்லாதபோது போடும் தற்காலிகக் கையெழுத்து.

ஷெனாய் நகர்: எனக்கு உறுத்தறது வேற. சாகக் கிடக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குக் கிடையாது, அதுவும் சீட்டுக் குலுக்கிப் போட்டு! மனுஷங்களை எலியாக்கறது இல்லையா இது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதில் உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதல்லவா? 1956-ல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்து ஆரம்பித்தது. அப்போது டி.பி. என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே அதன் மிச்சம்தான். ஊரில் இருந்த நோயாளிகளுக்கோ படுக்கை போதவில்லை. இருநூறுக்கும் குறைவான நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு பக்கமும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். வீட்டுக்குப் போனவர்கள் நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்கள். அன்று உங்களைக் கேட்டிருந்தால், ‘பாவம், வீட்டுக்கு அனுப்புகிறார்களே’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

1959-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க டி.பி.க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்ற வழி இங்கிருந்துதான் பிறந்தது. எது நல்லது என்று தெரியாத நிலையில்தான் குலுக்கல். தெரிந்த பிறகும் குலுக்கினால் நெறிமுறைக் குழுவே விடாது. மருந்து கிடைக்காத பாதிப் பேரும் சும்மா விடப்படுவதில்லை, அன்றைக்கு நிலவும் சிகிச்சை முழுவதும் அவர்களுக்கு உண்டு.

இப்போது பிளாஸ்மாவுக்கு வாருங்கள், கொரோனாவிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து நோயாளிக்கு ஏற்றினார்களே, அது. 2020-ல் நம் நாட்டிலேயே 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஐ.சி.எம்.ஆர். சோதனை நடத்தியது. நோய் முற்றுவதையும் மரணத்தையும் பிளாஸ்மா குறைக்கவில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது. உலகமே பாராட்டிய சோதனை அது. அப்படியும் 2021 மே 17 வரை சிகிச்சை வழிகாட்டியில் பிளாஸ்மா இருந்தது. அதுவரை ‘பி பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்’ என்று போனில் மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்தோம். சோதனைக்கு வெளியே எண்ணாமல் கொடுத்ததால் நோயாளிக்கும் பயனில்லை, அடுத்த நோயாளிக்கான பாடமும் இல்லை. எலியாக்குவது என்றால் அதைத்தான் நான் சொல்வேன்.

மயிலாப்பூர்: பின்னாடி வந்த வைரஸ் தடுப்பு மாத்திரைங்க, பாக்ஸ்லோவிட், மோல்னுபிராவிர் எப்படி?

பாக்ஸ்லோவிட் நல்ல மருந்து, சரியான ஆளுக்கு. தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் சில நாட்களில் கொடுத்தபோது மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் ஏறக்குறைய 89 சதவீதம் குறைந்தன. ஆபத்து குறைந்தவர்களிடம் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அதில் சேர்ந்திருக்கும் ரிட்டோனாவிர் கல்லீரல் நொதியைத் தடுக்கும்; சில கொலஸ்ட்ரால் மாத்திரைகள் ரத்தத்தில் ஏறிவிடும். டி.பி.க்கான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ஆகவே ஆகாது. மோல்னுபிராவிர் 50 சதவீதம் என்று ஆரம்பித்து, முழுக் கணக்கில் 30-க்கு இறங்கியது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

போரூர்: அடுத்த தொற்று வந்து, மருத்துவமனையில ‘சோதனையில சேருங்க’ன்னு படிவத்தை நீட்டினா என்ன பார்க்கணும்?

முதலில், படிவம் தமிழில் இருக்கிறதா? வேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்கிறதா? மருந்துச் சோதனைகளை அந்த அரசுப் பட்டியலில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். பாதியில் விலகினாலும் சிகிச்சை நிற்காது என்று எழுதியிருக்க வேண்டும். சோதனையால் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் உண்டு. யார் தருவார்கள், வாரிசு யார் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் ஆய்வாளர் போன் நம்பரும் நெறிமுறைக் குழுவின் நம்பரும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒரே நம்பர் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதாக இருந்தால், சோதனைக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வார்டு நர்ஸைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றால் முகம் சுளிக்கிறார்களா என்றும் பாருங்கள், அதுவும் ஒரு தகவல்.

வடபழனி: மேடம், ஃப்ரிட்ஜ் மேல ஒரு டப்பா நிறைய அந்தக் காலத்து மாத்திரை இன்னும் இருக்கு. தேதி தாண்டிடுச்சு. என்ன பண்றது?

எடுத்துப் போடுங்கள் அம்மா, இன்றைக்கே. அட்டையிலிருந்து பிரித்து, காபித் தூள் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் சேருங்கள். டாய்லெட்டில் கொட்ட வேண்டாம். டப்பாவில் டெக்சாமெத்தசோன் இருந்தால் முதலில் அதை. வேலைக்கார அம்மாவிடம் ‘முட்டி வலிக்கு ஆகும்’ என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அப்படிப் போன ஸ்டீராய்டு நிறையப் பார்த்துவிட்டேன்.