கேட் தேர்வில் 44 மார்க்: என் மகனுக்கு என்ஐடி கிடைக்குமா?

கேள்வி: மகன் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, எம்டெக் சேர்வதற்காக இந்த வருடம் கேட் தேர்வு எழுதினான். 100-க்கு 44 மார்க், ஸ்கோர் 515 என்று கார்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் அட்மிஷன் கன்சல்டன்சி வைத்திருப்பவர், "44 பெர்சன்ட்டுக்கு என்ஐடி வாசலைக்கூட மிதிக்க முடியாது, ஒன்றரை லட்சம் கொடுங்கள், உள்ளே ஆள் இருக்கிறது" என்கிறார். நாங்கள் எம்பிசி. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர், வருடச் சம்பளம் 9 லட்சம் வருகிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சார். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம்.

44 என்றவுடன் பிளஸ் டூ மார்க் ஷீட் மாதிரி நினைத்துப் பயந்துவிட்டீர்கள், அந்த ஆளும் அந்தப் பயத்தில்தான் கை வைக்கிறார். கேட் அப்படிப்பட்ட பரீட்சை இல்லை. மூன்று மணி நேரம், 65 கேள்வி, ஒரு மார்க் கேள்வியில் தப்பான ஆப்ஷனைத் தொட்டால் ஒரு மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், இரண்டு மார்க் கேள்வி என்றால் ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு. இதில் 44 வாங்கியவன் நன்றாகவே படித்திருக்கிறான். அட்மிஷனுக்குப் பார்ப்பது அந்த 44-ஐ அல்ல, பக்கத்தில் இருக்கும் 515-ஐ. அது ஆயிரத்துக்கு. கணக்கு பெரிய விஷயம் இல்லை: அந்த வருடம் பொதுப்பிரிவுக்கு என்ன கட்-ஆஃபோ அதை எடுத்தவருக்கு 350, முதல் வரிசைக்காரர்களின் சராசரியை எடுத்தவருக்கு 900, நடுவில் இருப்பவர்களுக்கு அந்த விகிதத்தில். கட்-ஆஃப் 29, மேலே இருப்பவர்களின் சராசரி 79 என்று வைத்துக்கொண்டால், உங்கள் பையன் 29-லிருந்து 15 மார்க் ஏறியிருக்கிறான், ஏற வேண்டியது 50, ஆக 350-உடன் 165. அவ்வளவுதான் 515. சிவில் மாதிரி நிறையப் பேர் எழுதும் பேப்பரை இரண்டு செஷனாக வைத்து மார்க்கைச் சமன் செய்வார்கள், அதுவும் முடிந்துதான் கார்டு வருகிறது, நீங்கள் அதற்குள் போக வேண்டாம்.

515-க்கு திருச்சி என்ஐடியில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிங் பிரிவு கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வடகிழக்கில் சில்சர், அகர்தலா என்ஐடிகள் என்று தூரம் போகத் தயாராக இருந்தால், நீர்வளம், போக்குவரத்து மாதிரிப் பிரிவுகளில் நம்பிக்கையோடு வரிசையில் நிற்கலாம். எம்டெக் சீட்டுக்கான சிசிஎம்டி கவுன்சலிங் தளத்திலேயே போன வருடம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எத்தனை ஸ்கோரில் முடிந்தது என்று ரவுண்டு வாரியாகப் போட்டிருக்கிறார்கள். கன்சல்டன்ட் பிரிண்ட் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான், இலவசமாகக் கிடைப்பது. என்ஐடியில் மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது, கம்ப்யூட்டர் ஒதுக்கும் சீட்டுக்கு "உள்ளே ஆள்" எங்கிருந்து வரும்? பையனுக்குத் தானாகக் கிடைக்கப்போகும் சீட்டைக் காட்டி, "பார்த்தீர்களா, வாங்கிக் கொடுத்துவிட்டேன்" என்பதுதான் இவர்களின் தொழில். கிடைக்காவிட்டால் பாதிப் பணம் திரும்பி வரும், பாதி "செலவு".

இன்னொன்று. பதிவு செய்யும்போது உங்கள் செல் நம்பர், பையனின் மெயில், பாஸ்வேர்டும் அவனிடமே. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு ஓடிபி எல்லாம் ஏஜென்ட் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. சீட் ஒதுக்கியது பையனுக்கே தெரியவில்லை, பணம் கட்டும் தேதி போய்விட்டது. ஏஜென்ட் ஊரில் இல்லை.

சரி, உங்கள் விஷயத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது ஓபிசி சான்றிதழ். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருக்கும் எம்பிசி கார்டு இங்கே செல்லாது. மத்திய அரசின் ஓபிசி நான்-கிரீமி லேயர் (அதாவது வசதி படைத்த பிரிவில் வராதவர், வருமான வரம்பு வருடம் 8 லட்சம்) படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். "9 லட்சம் சம்பளம், 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது, கிடைக்காது" என்று யாராவது திருப்பி அனுப்புவார்கள், இ-சேவை மையத்திலேயே சொன்னாலும் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த 8 லட்சத்தில் சம்பளத்தைச் சேர்க்கக் கூடாது, விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது, 1993-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டாயிற்று. உங்களைப் போன்ற அரசு ஊழியருக்குப் பார்க்க வேண்டியது பதவியின் நிலை. குரூப் ஏ என்னும் உயர்நிலை அதிகாரி என்றால் கதை வேறு, நீங்கள் உதவியாளர். வாடகை, வட்டி மாதிரி வேறு வருமானம் இருந்தால் அது மட்டும்தான் அந்த 8 லட்சக் கணக்கில் வரும். மாநில வருமானச் சான்றிதழில் சம்பளம் சேரும், அதைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் சேர்த்துவிடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு உத்தரவை தாலுகா ஆபீஸில் விண்ணப்பிக்க வருபவர்தான் விளக்க வேண்டியிருக்கிறது! உத்தரவின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்கட்டும், போன வருடத்துச் சான்றிதழைத் தள்ளிவிடுவார்கள். இது கையில் இருந்தால் அதே 515 பொதுப்பிரிவில் மட்டும் இல்லாமல் ஓபிசி வரிசையிலும் நிற்கும்.

ஒரே ஸ்கோருக்கு எத்தனை கதவு என்று கேட்டால் எனக்கே எரிச்சல் வரும். என்ஐடிகளுக்கு சிசிஎம்டி, ஐஐடிகளுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனி விண்ணப்பம், ஆஃபர் வந்தால் அதை ஏற்க கோஆப் என்று இன்னொரு தளம். இந்தக் குழப்பம்தான் கன்சல்டன்ட்களுக்குச் சோறு போடுகிறது. 515-க்கு ஐஐடிகளில் அலைய வேண்டாம். பதிலாக, தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்இ, எம்டெக் சீட்டுகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்கா கவுன்சலிங்கில் கேட் ஸ்கோர் உள்ளவர்களை முதலில் அழைக்கிறார்கள், அதில் கட்டாயம் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கேட் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கும் வழி இருக்கிறது.

பையனை இன்றைக்கே ஸ்கோர் கார்டை இறக்கிப் பிடிஎஃபாக இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், ஆனால் கார்டு இலவசமாகக் கிடைப்பது மே 31 வரைதான். அதற்கப்புறம் 500 ரூபாய், டிசம்பர் 31 தாண்டினால் காசு கொடுத்தாலும் தர மாட்டார்கள்.